திரும்பச் சேர்க்க ஒரு கட்டம்

ஏப்ரல் 4

அக்கா,

மார்ச் 24, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்னு நாப்பத்தி ரெண்டு. அந்த நேரத்துலதான் எனக்கு விஷயம் வந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் நீங்க பஸ்ஸை விட்டு இறங்கி நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. வந்ததும் எல்லார் முன்னாடியும் கேட்டீங்க, "உனக்கு எப்பத் தெரியும்? ஏன் பன்னெண்டரைக்குத்தான் வந்தே?"ன்னு. அதுக்குப் பதிலை இப்ப எழுதறேன்.

லேப்ல இருந்தேன். எங்க வேலை உங்களுக்குத் தெரியும். கடைங்கள்ல இருந்து வர்ற தராசு சரியா காட்டுதான்னு எடைக்கல் வச்சுப் பாத்து சீட்டு குடுக்கறது. ஒரு பேக்கரிக்காரரோட தராசு மேஜையில இருந்துச்சு. அஞ்சு கிலோ கல்லை அப்பத்தான் வச்சேன், ஃபோன் அடிச்சுது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா. "தம்பி, உங்க வீட்டம்மா மாடிப்படியில விழுந்துட்டாங்க. கூப்பிட்டா பேச மாட்டேங்கறாங்க. உடனே வாங்க"ன்னாங்க. நான் "சரி"ன்னேன். அப்புறம் தராசு காட்டினதை எழுதினேன். 5.002. கல்லைத் தூக்கிப் பெட்டியில வச்சேன். பெட்டியை மூடினேன். அதுக்கப்புறம்தான் கிளம்பினேன். நாலு நிமிஷம் இருக்கும். ஏன் எழுதினேன்னு கேட்டா தெரியலை. கை எழுதிடுச்சு.

மிச்ச நேரம் ரோட்டுல போச்சு.

ஃபோன்ல பேச வேண்டாம்னுட்டீங்க. "உன் குரல் மெஷின் சீட்டு துப்பற மாதிரி இருக்கு, சொல்ல வேண்டியதை எழுது"ன்னீங்க. சரின்னு எழுதறேன்.

நீங்க தூக்கிட்டுப் போன எங்க குழந்தை பட்டாணிக்கு இன்னைக்கு எழுபத்தி நாலு நாள். உங்க வாண்டுக்குக் குடுக்கற பாலையே இவளுக்கும் குடுக்கறீங்கன்னு சகலை சொன்னாரு. அதுக்கு நன்றின்னு ஒரு வரி எழுதிப் பாத்தேன். அசிங்கமா இருந்துச்சு. அடிச்சுட்டேன்.

இதோட ஒரு சார்ட் வச்சிருக்கேன். மூணு கட்டம்தான். நீங்க என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்குப் பால் குடுத்தீங்க, அப்புறம் எத்தனை நிமிஷம் அழுதா. அம்மா தின்னறதுல எது பட்டாணியை அழ வைக்குதுன்னு இங்க நாங்க பதினாலு சாமான் வரைக்கும் நிறுத்திப் பாத்துட்டோம். பால், தயிர், முட்டை, பட்டாணி, பருப்பு, முட்டைகோஸ், வெங்காயம், பூண்டு, மிளகாய், தக்காளி, கோதுமை, வேர்க்கடலை, மீன், காபி. அதை எல்லாம் நீங்களும் நிறுத்திட்டீங்கன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. பதினஞ்சுல இருந்து பாக்கலாம்.

சிரமம்தான். ஆனா ஒரு நாள் கூட விடாம எழுதினாத்தான் பிரயோஜனம்.

(கீழே கையெழுத்து போட வந்தேன். உங்களுக்கு நான் இப்ப யாருன்னு தெரியலை. அதனால போடலை.)


ஏப்ரல் 9

குழந்தையோட அப்பாவுக்கு,

உங்க சார்ட் வந்துச்சு. நல்ல கெட்டி பேப்பர். பார்லர் தரையில கிடந்த முடியை அள்ளறதுக்கு வசதியா இருந்துச்சு. அள்ளிப் போட்டுட்டேன்.

நீங்க எழுதின அந்த நாலு நிமிஷத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவை படிச்சா என் பால் கெட்டுப் போயிடும்னு மடிச்சு வச்சுட்டேன். பாத்தீங்களா, எனக்கும் உங்க வீட்டுப் பேச்சு ஒட்டிக்கிச்சு.

அம்மா போய் பதினோரு நாள்ல குழந்தைக்குக் கோடு போட்டு அனுப்பறீங்க. பதினாலு சாமானை நிறுத்திட்டு பதினஞ்சுல இருந்து ஆரம்பிக்கணுமாம். என் தங்கச்சி விட்ட இடத்துல இருந்து நான் தொடரணும், அதானே? ஒருத்தி முடிஞ்சா அடுத்தவ. ரிலே ரேஸ்.

மார்ச் முதல் வாரம் நான் அங்க வந்தேனே, ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப லேப்ல. மத்தியானம் அவ தட்டைப் பாத்தேன். வெறும் சாதம், வேகவச்ச பூசணிக்காய், உப்பு. "என்னடி இது, ஜெயில்ல கூட இதைவிட நல்லா போடுவாங்க"ன்னேன். "டெஸ்ட் நடக்குதுக்கா, சத்தம் போடாதே, மெஷின் தப்பா காட்டிடும்"னு சிரிச்சா. சிரிக்கறப்ப கன்னத்துல எலும்பு மட்டும்தான் மேல போச்சு. பாவாடை இடுப்புல ஊக்கு. கல்யாண மோதிரத்துல நூல் சுத்தி வச்சிருந்தா, கழண்டு விழாம இருக்க. தினம் அவ கையால காபி வாங்கிக் குடிச்சீங்களே, அந்த நூல் உங்க கண்ணுல படலையா? அஞ்சு கிலோவுல ரெண்டு கிராம் தப்பிருந்தா கண்டுபிடிக்கிற கண்ணு.

நான் அன்னைக்கே அவளைக் கூட்டிட்டு வந்திருக்கணும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

இங்க எல்லாரும் டாக்டர்தான். பார்லருக்கு வர்ற ஒருத்தி பூண்டு தின்னு, பால் நல்லா ஊறும்கறா. அடுத்த நாற்காலியில இருக்கறவ, ஐயையோ, பூண்டு தின்னா பால்ல நாத்தம் வரும்கறா. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலையைக் கழுவி அனுப்பறேன்.

குழந்தை அழறாளான்னு கேக்கறீங்க. அழறா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா காலை மடக்கி, முகம் சிவந்து, ஒன்பது வரைக்கும் அழறா. தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறேன். உங்க சகலை லாரியை நிறுத்திட்டு வந்தா அவரு நடப்பாரு. நிமிஷம் யாரும் எண்ணலை. எங்க வீட்டு சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி போய் ரெண்டு மாசம் ஆச்சு.

நேத்து முட்டைகோஸ் தின்னேன். நிறைய தின்னேன். எழுதிக்கோங்க.


ஏப்ரல் 15

அக்கா,

சார்ட் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். சொன்னா மாறப் போறது ஒண்ணும் இல்லை. இருந்தாலும் நான் ஒரு காகிதத்தை எடுத்துக்கிட்டு உங்க தங்கச்சி மேல ஏறி உக்காந்தேன்னு நீங்க நினைக்கறீங்க. அப்படி இல்லை.

பிரசவத்துக்கு அப்புறம் எங்க அம்மா மூணு வாரம் கூட இருந்தாங்க. பட்டாணி அழ ஆரம்பிச்சதும் தினம் ஒரே பேச்சு. "நீ கண்டதையும் தின்னறே. உன் வயித்துல காத்து கட்டுது. அதே காத்து பாலோட இறங்கி பிள்ளை வயித்தைப் பிடிக்குது." இவ ஒரு ஏப்பம் விட்டாக்கூட அம்மா குழந்தையைத்தான் திரும்பிப் பாப்பாங்க. இவ கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. அந்தப் பேச்சை நிறுத்தணும்னுதான் நான் சொன்னேன், "அம்மா, வாய்க்கு வந்தபடி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஒரு நேரத்துல ஒண்ணு. மூணு நாள் பாப்போம். அழுகை குறைஞ்சா அதுதான் காரணம், குறையலைன்னா அடுத்தது."

நான் படிச்சது அதுதான் அக்கா. ஒரு மெஷின் தப்பா காட்டினா எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழட்ட மாட்டோம். ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும். லேப்ல இருந்து ஒரு நல்ல தராசும் கொண்டு வந்தேன். பால் குடுக்கறதுக்கு முன்னாடி குழந்தையை ஒரு தடவை, குடுத்ததுக்கு அப்புறம் ஒரு தடவை. எத்தனை கிராம் இறங்குச்சுன்னு தெரிஞ்சுடும். ஃபோன்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வச்சேன். அலாரம் அடிச்சா நான் லேப்ல இருந்து ஃபோன் போட்டு அழுதது எத்தனை நிமிஷம்னு கேப்பேன், இவ வீட்டுல இருந்து சொல்லுவா.

பட்டாணியை நிறுத்தற அன்னைக்கு இவ குழந்தை கிட்டப் போய், "ஏண்டி, உனக்கு உன் பேரே ஆகலையாமே"ன்னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டேதான் செஞ்சா. நான் கட்டாயப்படுத்தலை. கட்டாயப்படுத்தியிருந்தா இந்நேரம் அதையாவது சொல்லி அழலாம்.

மோதிரத்து நூலைப் பாத்தேன். ஏதோ மறக்காம இருக்கச் சுத்தியிருக்கான்னு நினைச்சேன். அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அப்புறம் ஒண்ணு. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். நீங்க ரிலே ரேஸ்னு எழுதினதால சொல்றேன். சார்ட்ல முதல் வரி என் கையெழுத்து இல்லை. "பால்"னு இருக்கு, அவ கையெழுத்து. நான் முட்டையில இருந்து ஆரம்பிக்கலாம்னேன். அவதான் "இல்லை, முதல்ல பால். அக்காவுக்கு அதுதான் சரியாச்சு, அக்கா சொன்னா"ன்னு பேனாவை வாங்கி எழுதினா.

மே ஒண்ணாம் தேதி வரேன். பட்டாணியைக் கூட்டிட்டு வந்துடறேன். எங்க அம்மா வந்து இருக்கறேன்னு சொல்லியிருக்காங்க. டப்பா பால் வாங்கிட்டேன். நீங்க இவ்வளவு நாள் பாத்ததே பெரிசு. உங்களுக்கும் பார்லர் இருக்கு, வாண்டு இருக்கா.


ஏப்ரல் 22

தம்பி,

முதல் வரி என்னுதுதான்.

உங்க லெட்டரைப் படிச்சுட்டு ஒரு அம்மாவுக்கு ஒரு பக்கம் முடியைக் கூடுதலா வெட்டிட்டேன். அவங்க பாவம், "பரவாயில்லை, வளந்துடும்"னு போயிட்டாங்க.

வாண்டுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்ப மலத்துல ரத்தம் வந்துச்சு. டாக்டர் பாத்து, இதுக்கு பால் சாமான் ஒத்துக்கலை, நீங்க குடிக்கிற பசும்பால்ல இருக்கிற ஏதோ ஒண்ணு உங்க பால் வழியா இதுக்குப் போகுது, நீங்க கொஞ்ச நாள் நிறுத்துங்கன்னாரு. நிறுத்தினேன். நின்னுச்சு. இது நிஜமா நடந்தது.

பிப்ரவரியில உங்க வீட்டுல இருந்து அவ ஃபோன் பண்ணா. ஸ்பீக்கர்ல போட்டு கண்ணாடி முன்னாடி வச்சிருந்தேன், கையில கத்திரிக்கோல். "ஓயாம அழறாக்கா"ன்னா. "பாலை நிறுத்திப் பாருடி, எனக்கு அதுதான் சரியாச்சு"ன்னேன். அரை நிமிஷம். நாற்காலியில இருந்தவ "இன்னும் கொஞ்சம் குறைங்க"ன்னா. வச்சுட்டேன்.

ரத்தம் வந்ததான்னு நான் கேக்கலை. எனக்கு அந்த டாக்டர் அப்புறம் சொன்ன மிச்சத்தையும் அவகிட்டச் சொல்லலை. நாலு மாசம் கழிச்சு அவரே கூப்பிட்டு, "இப்ப கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் குடிங்க, பாப்போம். நிறுத்தினதை நிறுத்தினபடியே விடக் கூடாதும்மா, உங்க எலும்பு என்ன ஆறது?"ன்னு கேட்டாரு. அதுதான் முக்கியமான பாதி. அதை என்கிட்டயே வச்சுக்கிட்டேன். வேணும்னு இல்லை. முடி வெட்டிக்கிட்டிருந்தேன்.

அதனால நானும் உங்க கூட ஒரே பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். தள்ளி உக்காருங்க.

ஆனா தம்பி, நான் ஒரு வரி சொன்னேன். மிச்சம் பதிமூணு? மார்ச்ல நான் வந்தப்ப அவ சொன்னதை இப்ப எழுதறேன். உங்க மேல கோவமா சொல்லலை, அதான் எனக்கு இன்னும் வயிறு எரியுது. "அவருக்குக் கழித்தல் மட்டும்தான்க்கா தெரியும். அழுகை குறைஞ்சா, நிறுத்தினது சரி, அப்படியே இருக்கட்டும்கறாரு. குறையலைன்னா, சரி, அடுத்ததையும் நிறுத்துங்கறாரு. எதையும் திரும்பத் தர்றதுக்கு அந்தப் பேப்பர்ல இடமே இல்லை. கேட்டுப் பாத்தியாங்கறியா? பாவம்க்கா, அவரு பயந்து போயிருக்காரு. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்காரு." இப்படித்தான் சொன்னா. ஒரு முட்டையாவது தின்னுன்னு நான் வாங்கிட்டு வந்து அவிச்சு வச்சேன். நான் கிளம்பினதுக்கு அப்புறம் தின்னாளா தெரியாது.

குழந்தையைத் தர மாட்டேன். உங்க அம்மா வந்து இருப்பாங்களாமே, எதுக்கு? அந்த டப்பா பாலுக்கு வயித்துல காத்து கட்டுதுன்னு சொல்றதுக்கா? மே ஒண்ணாம் தேதி வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன். உங்க சகலை வேற மாதிரி பேசறாரு, "அவன் குழந்தைடி, நாம யாரு"ங்கறாரு. நான் பால் குடுக்கறவ, அதான் யாருன்னேன். அவரு லாரி சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.


மே 2

அக்கா,

நேத்து வரலை. நீங்க கதவைத் திறக்க மாட்டீங்கன்னு பயந்து இல்லை. பையை எடுத்துட்டேன். செருப்பு போட்டுட்டேன். டப்பா பால் பையில இருந்துச்சு.

படியில தையல்காரம்மா மேல ஏறி வந்தாங்க. கையில ஒரு கவர். "தம்பி, இதை எப்படிக் குடுக்கறதுன்னே தெரியாம ஒரு மாசமா வச்சிருக்கேன். தைச்சு முடிச்சது. உங்ககிட்ட குடுத்துடட்டுமா, இல்லை வேற யாருக்காவது தந்துடட்டுமா"ன்னாங்க. ரெண்டு ஜாக்கெட்.

எனக்குப் புரியலை. அவங்கதான் சொன்னாங்க. அன்னைக்குக் காலையில இவ படியில இறங்கினது குப்பை கொட்டறதுக்கோ கடைக்கோ இல்லை. பட்டாணி தூங்கினதும், இந்த ரெண்டையும் பிடிச்சுத் தைக்கக் குடுக்க இறங்கியிருக்கா. "முதல் நாளே ஃபோன்ல கேட்டுச்சு தம்பி, எல்லாம் தொளதொளன்னு தொங்குது, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கன்னு. விழுந்தப்பவும் கையிலதான் இருந்துச்சு. எந்த அளவுக்குப் பிடிக்கணும்னு குண்டூசி குத்தி வச்சிருந்துச்சு. சொன்ன வேலையை முடிக்காம வைக்க மனசு வரலை, தைச்சுட்டேன்"னாங்க.

உள்ள வந்து அளந்தேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை, அளந்தேன். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு அங்குலம். பழைய தையல் இருந்த இடத்துல ஓட்டை வரிசையா தெரியுது. அதுல இருந்து புதுத் தையல் வரைக்கும் ரெண்டு. ரெண்டு பக்கமும் சேத்து நாலு அங்குலம், ஆறு வாரத்துல.

அந்தத் தராசு நாப்பத்தி ரெண்டு நாள் எங்க வீட்டு மேஜையில இருந்துச்சு அக்கா. ஒரு நாளைக்கு பதினாறு தடவை குழந்தையை ஏத்தி இறக்கினோம். பெரியவங்க நிக்கற தராசு லேப்ல பதினொண்ணு இருக்கு. ஒரு நாள் கூட அவளை ஏத்தலை. எனக்குத் தோணவே இல்லை. அழுதது குழந்தை, அதனால குழந்தையை அளந்தேன்.

விழுந்தது மயக்கம் வந்தா, கால் வழுக்கியான்னு யாருக்கும் தெரியாது. படி அன்னைக்குக் கழுவி ஈரமா இருந்துச்சுன்னு தையல்காரம்மா சொல்றாங்க. ஆஸ்பத்திரி சீட்டுல தலையில அடின்னு மட்டும்தான் போட்டிருக்கு. ஈரம்னு சொல்லி ஒரு வாரம் என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். இனிமே அது முடியாது.

அப்புறம் ஃபிரிட்ஜ் கதவுல இருந்த சார்ட்டை உரிச்சு எடுத்தேன். நாலு பக்கமும் டேப் போட்டு நான்தான் ஒட்டினது. அடியில இன்னொரு பேப்பர் இருந்துச்சு. குழந்தைக்கு மூணு வாரம் ஆனப்ப காட்டினோமே, அந்த லேடி டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு. நான்தான் அதுக்கு மேலயே சார்ட்டை ஒட்டியிருக்கேன். இடம் அங்கதான் இருந்துச்சு. அதுல இருக்கறதை அப்படியே எழுதறேன்:

"குழந்தை நல்லா இருக்கு, எடை ஏறுது. இந்த அழுகை ஆறாவது வாரம் வரை கூடும். மூணு நாலு மாசத்துல தானா நிக்கும். அம்மா எல்லாம் சாப்பிடலாம், நல்லா சாப்பிடணும். ரத்தம், வாந்தி, எடை இறக்கம் இருந்தால் மட்டும் உடனே வரவும்."

அன்னைக்கு அந்தம்மா வாயாலயும் சொன்னாங்க. "அம்மா வயித்துல இருக்கிற காத்து அம்மா வயித்துலயேதான் இருக்கும் சார், பாலுக்குள்ள குமிழி போட்டுக்கிட்டு வராது"ன்னாங்க. இவ சிரிச்சா. நான் வெளியில வந்து, "தானா நிக்கும்கறதெல்லாம் ஒரு பதிலா? காத்திருன்னு சொல்றதுக்கு எதுக்குப் படிப்பு"ன்னேன். காத்திருக்கறது எனக்கு ஒரு வேலையாத் தெரியலை.

கடைசி நாள் காலையில லேப்புக்குக் கிளம்பறப்ப பேனாவை எடுத்துக்கிட்டு ஃபிரிட்ஜ் முன்னாடி நின்னேன். பதினாலாவது வரி, காபி, மூணு நாள் முடிஞ்சுடுச்சு. "அடுத்து என்ன?"ன்னு கேட்டேன். "தண்ணிதான் பாக்கி"ன்னா. நான் சிரிக்கலை அக்கா. தண்ணியை நிறுத்த முடியாதேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். வாய்விட்டு யோசிச்சேன். அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அதுதான் நாங்க கடைசியா பேசினது.

பட்டாணி இப்பவும் ஆறு மணிக்கு அழறாளா?


மே 9

தம்பி,

அழறதில்லை.

இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா இருந்தேன். ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். முதல் தடவை எழுதினது உங்களைக் குத்தறதுக்குன்னே எழுதினது, நல்லா வந்திருந்துச்சு. உங்க ஜாக்கெட் லெட்டர் வந்ததும் அதைக் கிழிச்சுட்டேன். குத்தறதுக்கு இடம் இருந்தாத்தானே.

போன மாசக் கடைசியில ஒரு நாள் சாயங்காலம் நானும் உங்க சகலையும் நடக்கறதுக்குத் தயாரா நின்னோம். ஆறு ஆச்சு. ஆறரை ஆச்சு. இவ தொட்டில்ல படுத்துக்கிட்டு தன் கையையே பாத்துக்கிட்டு இருந்தா. "என்னடி இது, டூட்டிக்கு வரலையா இன்னைக்கு"ன்னாரு உங்க சகலை. அடுத்த நாளும் இல்லை. அப்புறம் எப்பவாவது பத்து நிமிஷம் சிணுங்குவா, எல்லாக் குழந்தையும் மாதிரி. பதினாலு வாரம். அந்த டாக்டரம்மா சொன்ன கணக்குதான்.

நான் என்ன சாப்பிட்டேன்னு அன்னைக்குக் கேட்டீங்களே. ஒண்ணையும் நிறுத்தலை. ரெண்டு குழந்தைக்குக் குடுக்கறேன், பசி பிசாசு மாதிரி வருது. காலையில ரெண்டு டம்ளர் பால், ரெண்டு முட்டை. மத்தியானம் பருப்பு, மீன், கையில கிடைச்ச காய். வெங்காயம், பூண்டு, மிளகாய் எல்லாம். வேர்க்கடலையைப் பாக்கெட்டோட பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் முடி வெட்டறேன். காபிக்குக் கணக்கே இல்லை. உங்க பதினாலு வரியும் என் வயித்துல போச்சு, அதே பாலைத்தான் குடிச்சா. மொதல்ல அழுதா, அப்புறம் நிறுத்திட்டா. நான் தின்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அவளும் தின்னுக்கிட்டே காத்திருந்திருக்கலாம் தம்பி. இன்னும் அஞ்சே வாரம்.

நீங்க சொன்ன அந்த "தண்ணிதான் பாக்கி"யைப் படிச்சுட்டு உங்க மேல கோவப்படணும்னு பாத்தேன். வரலை. மன்னிக்கலாமான்னு பாத்தேன், அதுவும் வரலை. என்னை நானே இன்னும் மன்னிக்கலை, உங்களுக்கு எங்க இருந்து எடுத்துத் தர்றது?

வந்து பாருங்க. கூட்டிட்டுப் போறதுக்கு இல்லை, பாக்கறதுக்கு. கதவு திறந்திருக்கும். தராசு கொண்டு வரக் கூடாது. நோட்டு, பேனா கூடாது. அலாரம் வச்ச அந்த ஃபோன் என் வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது. குழந்தை அழுதா தூக்கணும், மணி பாக்கக் கூடாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க. அவளுக்கு உங்களைத் தெரியாது. ஆறு வாரமா என் வாசனைதான் அவளுக்கு. நீங்க தூக்கினா அழுவா. அதுக்குக் காரணம் நான் என்ன சாப்பிட்டேன்னு தேடாதீங்க.


மே 15

அக்கா,

பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதறேன். இந்த லெட்டருக்கு முன்னாடி நானே வந்துடுவேன், அதனால கையில குடுத்துடறேன். பேசினா மெஷின் மாதிரிதான் வரும். எழுதினதைப் படிங்க.

தராசை லேப்ல திருப்பிக் குடுத்துட்டேன். குடுக்கறதுக்கு முன்னாடி சரிபாக்கணும், அது ரூல். பாத்தேன். துளி தப்பு இல்லை. எனக்கு அதுதான் தாங்கலை.

டப்பா பாலைத் தையல்காரம்மாவோட மருமகளுக்குக் குடுத்துட்டேன். பட்டாணி உங்ககிட்டயே இருக்கட்டும், பால் மறக்கற வரைக்கும். அதுக்கு அப்புறமும் இருக்கட்டும்னு நீங்க சொன்னா அப்பவும் பேசுவோம். சனி ஞாயிறு நான் வந்துட்டுப் போறேன். சகலை கிட்ட நான் கோவப்படலைன்னு சொல்லுங்க, லாரி சாவியை எடுத்துக்கிட்டுப் போக வேண்டாம்.

பையில ரெண்டு ஜாக்கெட் இருக்கு. உங்களுக்குப் பத்தாது. யாருக்கும் பத்தாது. வீட்டுல வைக்க முடியலை, அதான். மோதிரமும் இருக்கு. நூலோட இருக்கு. பிரிக்கலாம்னு பாத்தேன், எத்தனை சுத்துன்னு எண்ண ஆரம்பிச்சுட்டேன். வச்சுட்டேன்.

சார்ட்டைக் கிழிக்கலை. நேத்து ஸ்கேலை எடுத்து வலது பக்கம் புதுசா ஒரு கட்டம் போட்டேன். மேல "திரும்பச் சேர்த்தது"ன்னு எழுதினேன். பதினாலு கட்டம். அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அந்தக் கட்டத்தைப் போட ஒரு நிமிஷம்கூட ஆகலை.

அலாரம் இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு அக்கா. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இந்த ஏழு வாரமும் அடிச்சுது. லேப்ல மேஜை மேல அடிக்கும், பக்கத்து மேஜைக்காரர் தலையைக் குனிஞ்சுக்குவாரு. யாரும் நிறுத்தச் சொல்லலை. நானும் நிறுத்தலை. முன்னெல்லாம் அடிச்சதும் நான் கூப்பிடுவேன், இவ எடுத்து "இருபத்தி ரெண்டு நிமிஷம் சார், எழுதிக்கோங்க"ம்பா. அது வரலைன்னாலும் அடிக்கறதாவது இருக்கட்டும்னு விட்டு வச்சேன்.

இப்ப ரெண்டு மணி அலாரம் அடிச்சு முடிஞ்சுது. அது நின்னதும் எங்க அம்மா கூப்பிட்டாங்க. காலையில இருந்து ஆறாவது தடவை. பிள்ளையைப் பாக்கப் போறேன்னு சொன்னேன். மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. அழறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் சொன்னாங்க, "போறதுதான் போறே, பால் குடுக்கற அந்தப் பொண்ணு என்ன சாப்பிடறான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

பஸ் வந்துடுச்சு. ஃபோனை அணைச்சுட்டேன்.